மோலி பறித்த மகுடமா? புதுக்கோட்டைத் திருமணம் குறித்து ஒரு மறுப்பு

புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்னும் பெண்ணை மணந்துகொண்டதைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவையும் பேசப்படுபவையும் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. முதல் வகை பழியுரை: பட்டமோ குலப்பெருமையோ இல்லாத வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மன்னரை மயக்கி, நாட்டையும் கருவூலத்தையும் மறக்கச் செய்து, அரியணையையே இழக்க வைத்தாள் என்பது அதன் சாரம். இரண்டாவது வகை புகழுரை: ஒரு பெண்ணின் காதலுக்காக மணிமுடியையே துறந்த மாமனிதர் என்று மன்னரை அது கொண்டாடுகிறது. பழிப்பவரும் புகழ்பவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதுபோலத் தோன்றினாலும், மன்னர் அரியணையை விட்டார் என்பதிலும் அதற்குக் காரணம் மோலி என்பதிலும் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. இந்த இரண்டு கூற்றுகளுமே வரலாற்றின் முன் நிற்கமாட்டா. மார்த்தாண்டர் அரியணையைத் துறக்கவில்லை. அவருடைய ஆட்சியைப் புதுக்கோட்டையிலிருந்து பிரித்ததும் அவருடைய மகனை வாரிசுரிமையிலிருந்து விலக்கியதும் மோலி அல்லர், பிரிட்டிஷ் இந்திய அரசின் நிறக்கொள்கை.

சமஸ்தானம் என்பது பிரிட்டிஷ் மாகாணங்களைப் போல நேரடியாக ஆளப்படாமல், தன் மன்னரின் பெயரால் ஆளப்பட்டுவந்த நிலப்பகுதி. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு நடுவே ஏறத்தாழ 1,200 சதுர மைல் பரப்பில் அமைந்திருந்த புதுக்கோட்டையில் அன்று நான்கு லட்சம் பேர் வாழ்ந்தனர். பிரிட்டிஷாருக்குக் கப்பம் கட்டாத சமஸ்தானம் என்பது அதன் தனிப்பெருமையாகக் கருதப்பட்டது. ஆனால் கப்பம் கட்டாத மன்னரும் ஓர் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவரே. அதை மேலாதிக்க உரிமை என்று குறிப்பிடலாம்: எந்தச் சமஸ்தானத்தில் யார் மன்னர், அவருக்குப்பின் யார் வாரிசு, அவருக்கு எத்தனை குண்டு மரியாதை, எந்தப் பட்டம் உண்டு, எது இல்லை என்பவற்றையெல்லாம் முடிவாகச் சொல்லும் உரிமை அது. இந்த உரிமையை மன்னர் எதிர்த்து வழக்காட நீதிமன்றம் ஏதும் இல்லை. திருமணம் குறித்த வாதம் முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே அமைய வேண்டும்; ஆனால் பழியுரையும் புகழுரையும் இதைத் தொடுவதே இல்லை.

மார்த்தாண்டர் 1875-இல் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனாரான ராமச்சந்திரத் தொண்டைமானால் தத்தெடுக்கப்பட்டு, 1886-இல் அவர் மறைந்தபோது பத்து வயதில் அரியணைக்கு உரியவராகி, 1894-இல் ஆட்சியதிகாரத்தை முழுமையாகப் பெற்றார். மோலி என்று அழைக்கப்பட்ட எஸ்மி மேரி சாரெட் ஃபிங்க், மெல்பர்ன் நகர வழக்கறிஞர் ஒருவரின் மகள், 1894-இல் பிறந்தவர். 1915-இல் மன்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றிருந்தபோது சிட்னியில் இருவரும் சந்தித்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள் மெல்பர்ன் பதிவு அலுவலகத்தில் திருமணம் நடந்தது. அன்று மணமகனுக்கு வயது 39, மணமகளுக்கு 20. உலகம் சுற்றியவரும் இருபது ஆண்டுகளாகச் செங்கோல் பிடித்தவருமான ஒருவரை, இந்தியாவைக் கண்ணாலும் காணாத இருபது வயதுப் பெண் வலைவிரித்துப் பிடித்தாள் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்களா என்பது ஐயத்துக்குரியது. அந்த உறவில் வயதும் செல்வமும் அனுபவமும் அதிகாரமும் யாரிடம் இருந்தன என்பதற்கு விளக்கம் தேவையில்லை. முடிவெடுக்கும் வலிமை உடையவர் எடுத்த முடிவுக்கு வலிமையற்றவர் மீது பொறுப்பைச் சுமத்துவது நீதியாகாது.

மணமக்கள் அதே ஆண்டின் பிற்பகுதியில் புதுக்கோட்டைக்கு வந்தபோது மக்கள் அவர்களை உற்சாகத்தோடு வரவேற்றனர் என்பது பதிவாகியுள்ள செய்தி. எதிர்ப்பு மக்களிடமிருந்து வரவில்லை, அதிகார வட்டத்திலிருந்தே வந்தது. மோலியை ராணி என்றோ ‘ஹைனஸ்’ என்றோ அழைக்கப் பிரிட்டிஷ் அரசு இசையவில்லை. மன்னரின் மனைவிக்கு உரிய மரியாதைகள் எதையும் அவருக்கு வழங்கவில்லை. வெள்ளையர் சமூகத்தின் கதவுகள் அவர் முன்னே சாத்தப்பட்டன. அரண்மனைச் சூழலிலும் பகை இருந்திருக்கலாம். கருவுற்றிருந்த மோலிக்கு அரளி நஞ்சு ஊட்டப்பட்டதாக அன்று நம்பப்பட்டது. தம்பதியினர் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினர். 1916 ஜூலை 22-ஆம் நாள் சிட்னியில் அவர்களுடைய ஒரே மகன் பிறந்தான். பிறந்த ஊரின் பெயரையும் சேர்த்து அவனுக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயரிட்டனர். அந்தக் குழந்தையை வாரிசாக ஏற்கப் பிரிட்டிஷ் அரசு மறுத்தது. மன்னர் ஊரைவிட்டுப் போனார், ஆகவே ஆட்சி போயிற்று என்று வழக்கமாகச் சொல்லப்படும் வரிசை தலைகீழானது. மனைவிக்கு மதிப்பும், பின்னர் மகனுக்கு உரிமையும் மறுக்கப்பட்டன, ஆகவே அவர் ஊருக்கு வெளியிலேயே தங்கினார் என்பதே நடந்த வரிசை.

அரியணை துறப்பு என்னும் கூற்றை அடுத்துப் பார்க்க வேண்டும். 1922-இல் மன்னரின் உடன்பிறந்தவரான விஜயரகுநாத துரைராஜா ரீஜண்டாக நியமிக்கப்பட்டார். ரீஜண்ட் என்பவர் மன்னர் ஆள இயலாத நிலையில், மன்னரின் பெயரால், மன்னருக்குப் பதிலாக ஆட்சி நடத்துபவர். மன்னர் என ஒருவர் இருந்தால்தான் அவருக்குப் பதிலாள் தேவைப்படும் என்பதால், ரீஜண்டின் நியமனமே அரியணை காலியாகவில்லை என்பதற்குச் சான்று. மார்த்தாண்டர் ஆட்சிப் பொறுப்பை விட்டுக்கொடுத்து, சமஸ்தானத்திலிருந்து ஒரு தொகையை ஏற்றுக்கொண்டு, பிரான்சின் தென்கடற்கரை நகரமான கானில் குடியேறினார். ஆனால் 1928 மே 28-ஆம் நாள் பாரிசில் இறக்கும்வரை புதுக்கோட்டையின் மன்னர் அவரே. 1886 முதல் 1928 வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் நீடித்த ஒரு பட்டத்தைத் துறக்கப்பட்ட பட்டம் என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. 1936-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்ட், மணவிலக்குப் பெற்ற அமெரிக்கப் பெண்ணான வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக முடிதுறப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டது உலகறிந்த செய்தி. அந்தக் கதையின் அழகில் மயங்கிய பிற்காலத்தவர், இருபது ஆண்டுகள் முந்தைய புதுக்கோட்டை நிகழ்ச்சிக்கும் அதே உடையை அணிவித்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. எட்வர்டின் முன் ஒரு தேர்வு இருந்தது: முடியா, மணமா. மார்த்தாண்டரின் முன் அப்படியொரு தேர்வு வைக்கப்படவில்லை. மணம் முடிந்த பின்னர் அதன் பயன்களை ஒவ்வொன்றாக வெறுமையாக்கும் வேலைதான் நடந்தது.

வெள்ளைக்காரப் பெண்ணை மணந்ததுதான் வீழ்ச்சிக்குக் காரணம் என்று வாதிடுவோர் மற்ற சமஸ்தானங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பட்டியாலா மகாராஜா ராஜிந்தர் சிங் 1893-இல் ஃப்ளாரன்ஸ் பிரையன் என்னும் பெண்ணை மணந்தார். அரசு முகம் சுளித்தது, ஆனாலும் 1900-இல் இறக்கும்வரை அவரே பட்டியாலாவை ஆண்டார். கபூர்தலா மகாராஜா ஜகத்ஜித் சிங் 1908-இல் அனிதா டெல்காடோ என்னும் ஸ்பானிய நடனப் பெண்ணை மணந்தார். வழக்கறிஞர் மகளான மோலியைவிட மேடையில் ஆடிய அனிதா, அன்றைய மேட்டுக்குடியினரின் அளவுகோலில், பல படிகள் தாழ்ந்தவர். அனிதாவையும் மகாராணியாகப் பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. ஆனால் ஜகத்ஜித் சிங்கின் அரியணைக்கு ஒரு சிறு அசைவும் நேரவில்லை. இந்தியா விடுதலை பெறும்வரை அவர் கபூர்தலாவை ஆண்டார். மனைவியின் நிறம் ஒன்று, மனைவியின் எளிய பிறப்பு ஒன்று, அரசின் வெறுப்பு ஒன்று. விளைவு மட்டும் முற்றிலும் வேறு.

இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் கபூர்தலா அரண்மனையிலேயே கிடைக்கிறது. ஜகத்ஜித் சிங்குக்கு முந்தைய மனைவியரிடம் நான்கு ஆண்மக்கள் இருந்தனர். அனிதாவின் மகன் அஜித் சிங் ஐந்தாமவன். அவன் அரியணை ஏறும் வாய்ப்பு இல்லாததால் அந்தத் திருமணம் மன்னரின் தனிப்பட்ட விவகாரமாக நின்றுவிட்டது. புதுக்கோட்டையில் மார்த்தாண்டருக்கு மோலியைத் தவிர வேறு ராணி இல்லை. முந்தைய வாரிசும் இல்லை. மோலி ஓர் ஆண்மகனைப் பெற்றால், இந்து மன்னர் ஒருவரின் முறைப்படியான மூத்த மகனாக, அரியணையின் முதல் உரிமையாளனாக ஒரு கலப்பினக் குழந்தை வந்து நிற்கும். பிரிட்டிஷ் அரசின் அச்சம் முழுவதும் இங்கேதான் குவிந்திருந்தது. வெள்ளை நிறத்தின் மேன்மையைத் தன் ஆட்சியின் அடித்தளமாக வைத்திருந்த ஓர் அரசுக்கு, பிரிட்டிஷ் குடிமகளான ஒரு வெள்ளைப் பெண் இந்தியர் ஒருவரின் சட்டபூர்வமான மனைவியாக அரண்மனையில் அமர்வதே பொறுக்கமுடியாத செய்தி. அவள் பெற்ற பிள்ளை பிரிட்டிஷ் அதிகாரிகளின் வணக்கத்தைப் பெறும் மன்னனாவது நினைத்தும் பார்க்கமுடியாத செய்தி. மோலி பிறந்த ஆஸ்திரேலியாவோ வெள்ளையரல்லாதார் குடியேறுவதை 1901-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்துவைத்திருந்த நாடு. சுற்றிலும் இத்தகைய சுவர்கள் எழுப்பப்பட்டிருந்த காலத்தில் இரண்டு மனிதர்கள் கைகோத்ததற்காக அந்த இருவரில் ஒருவரைக் குற்றவாளியாக்குவதும் சுவர் எழுப்பியவர்களைப் பற்றி வாய்திறவாமல் இருப்பதும் வரலாற்றெழுத்துக்கு அழகல்ல.

இந்தூர் சமஸ்தானத்தின் நிகழ்ச்சி இந்த முடிவை இன்னும் உறுதிப்படுத்துகிறது. மூன்றாம் துக்கோஜிராவ் ஹோல்கர் 1928-இல் நான்சி மில்லர் என்னும் அமெரிக்கப் பெண்ணை மணந்தார். அவர் அரியணையை விட்டது உண்மை. ஆனால் விட்டது 1926-இல், பம்பாயில் நடந்த பாவ்லா கொலை வழக்கின் காரணமாக, திருமணத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே. அரியணையில் அவருடைய மகன் ஏற்கெனவே அமர்ந்துவிட்டதால் அந்தத் திருமணம் வாரிசுச் சிக்கலை உண்டாக்கவில்லை. எனவே அரசு அதைப் பொருட்படுத்தவும் இல்லை. ஆக, எங்கெல்லாம் வாரிசு உறுதியாக இருந்ததோ அங்கெல்லாம் வெள்ளை மனைவி பொறுத்துக்கொள்ளப்பட்டாள். வாரிசின் தாயாகக்கூடிய இடத்தில் மட்டும் அவள் குற்றவாளியானாள்.

எளிய குடியில் பிறந்து திருமணத்தால் அரச வட்டத்துக்குள் நுழைந்த பெண் மீது பழி விழும் முறையை ஆங்கிலேயரின் சொந்த வரலாறே தெளிவாகக் காட்டுகிறது. பதினான்காம் நூற்றாண்டில், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகனான ஜான் ஆஃப் கான்ட் என்னும் லங்காஸ்டர் கோமகனின் வீட்டில் பிள்ளைகளைக் கவனிக்கும் பணியில் இருந்தவர் கேத்தரின் ஸ்வின்ஃபோர்ட். வெளிநாட்டிலிருந்து வந்த சாதாரண வீரர் ஒருவரின் மகள், இன்னொரு சாதாரண வீரரின் கைம்பெண். கோமகனோடு நெடுங்காலம் வாழ்ந்து நான்கு பிள்ளைகளைப் பெற்ற பின்னர், 1396-இல் அவர் கோமகனின் முறையான மனைவியானார். மறு ஆண்டு, போஃபர்ட் என்று அழைக்கப்பட்ட அந்தப் பிள்ளைகள் நாடாளுமன்றத்தின் வழியாகச் சட்டபூர்வமானவர்களாக அறிவிக்கப்பட்டனர். ஆனால் 1407-இல் மன்னர் நான்காம் ஹென்றி அந்த ஆவணத்தை உறுதிப்படுத்தியபோது, அரச பதவிக்கு மட்டும் அவர்களுக்கு உரிமையில்லை என்று ஒரு தொடரைச் சேர்த்தார். தாயை ஏற்கலாம், பிள்ளைகளுக்கு நிலமும் பட்டமும் தரலாம், அரியணையை மட்டும் தரமுடியாது என்னும் இந்த ஏற்பாடு ஐந்து நூற்றாண்டுகள் கழித்துப் புதுக்கோட்டைக்கு வந்தபோது அதில் தாயை ஏற்பது என்னும் முதற்பகுதியும் உதிர்ந்துபோயிருந்தது. நான்காம் ஹென்றி சேர்த்த தொடர் இங்கிலாந்தில் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: அந்தப் போஃபர்ட் குடும்பத்து மகள் மார்கரெட்டின் பிள்ளைதான் 1485-இல் ஏழாம் ஹென்றியாக முடிசூடிக்கொண்டவர்.

எலிசபெத் உட்வில் என்பவரின் நிலை இன்னும் பொருத்தமானது. கணவனை இழந்த, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான இந்தப் பெண்ணை மன்னர் நான்காம் எட்வர்ட் 1464-இல் மறைவாக மணந்தார். மன்னர் இறந்தபின் அவருடைய தம்பி மூன்றாம் ரிச்சர்ட் அரியணையைக் கைப்பற்றினார். 1484-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கி, பிள்ளைகளை முறையற்றவர்கள் என்று அறிவித்தது. அந்தச் சட்டத்தில் குறிக்கப்பட்ட காரணங்களுள் ஒன்று, எலிசபெத்தும் அவருடைய தாயும் சூனியம் செய்து மன்னரை மணத்துக்கு இணங்கவைத்தார்கள் என்பது. பிள்ளைகளின் வாரிசுரிமையைப் பறிக்கவேண்டிய தேவை முதலில் எழுந்தது; தாய் மயக்கினாள் என்னும் குற்றச்சாட்டு அந்தத் தேவைக்காகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. புதுக்கோட்டை மன்னரை வெள்ளைக்காரி மயக்கினாள் என்று இன்று எழுதும் எவரும், தம்மை அறியாமலேயே, மூன்றாம் ரிச்சர்டின் நாடாளுமன்றம் செய்ததையே செய்கிறார்கள்.

இனி, மரபின் பெயரால் எழுப்பப்படும் வாதம். அயல் இனத்து, அயல் சமயத்துப் பெண்ணின் வயிற்றுப் பிள்ளை தொண்டைமான் அரியணையில் அமர்வது குலமரபுக்கு விரோதம். பிரிட்டிஷ் அரசு அந்த மரபைக் காத்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று சிலர் வாதிடுகின்றனர். ஆனால் தொண்டைமான்களின் ஆட்சி தொடங்கிய முறையே இந்த வாதத்தைத் தகர்க்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி மறவர் குலத்தவர். அவர் கள்ளர் குலத்தைச் சேர்ந்த காதலி நாச்சியாரை மணந்து, அவருடைய உடன்பிறந்தவரான ரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைப் பகுதியின் தலைவராக்கினார். அதுவரை சிறு நிலப்பகுதியின் தலைமைக்குடியாக இருந்த குடும்பம் அரச குடும்பமாக உயர்ந்தது குல எல்லையைத் தாண்டிய ஒரு திருமணத்தின் வழியாகத்தான். ரகுநாதரின் வீரமும் அதற்குக் காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை; ஆனால் காதலி நாச்சியாரின் மணம் இல்லாமல் அந்த வீரத்துக்கு ஒரு நாடு பரிசாகக் கிடைத்திருக்குமா என்பதை மரபுவாதிகள்தாம் சொல்ல வேண்டும். ஒரு பெண் தன் குலத்துக்கு வெளியே மணந்துகொண்டதால் பிறந்த அரசு, மற்றொரு பெண் தன் இனத்துக்கு வெளியே மணந்துகொண்டதால் கெட்டது என்று சொல்வதில் எந்த மரபும் இல்லை.

குருதிவழியின் தூய்மை பற்றிய பேச்சும் நிலைக்காது. மார்த்தாண்டரே நேர் ஆண்வழியில் வந்தவர் அல்லர். ராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் பிரகதாம்பாள் ராஜாமணி பாயியின் மகன். மகள்வழிப் பேரனைத் தத்தெடுத்து அரசுரிமை வழங்கியதைப் பிரிட்டிஷ் அரசு ஏற்றுக்கொண்டது. ஆண்வழி மரபு மீறப்படுகிறது என்று அன்று அது குரல் எழுப்பவில்லை. அரசர்க்குப் பிறந்த மகன் 1916-இல் வந்தபோதுதான் அதற்கு மரபின் நினைவு வந்தது. பதிவுத் திருமணம் இந்துச் சடங்கு ஆகாது என்று சட்ட நுணுக்கம் பேசுவோர் உண்டு. சமஸ்தானத்தின் வாரிசுரிமையை இந்துச் சட்டம் தீர்மானித்திருந்தால் அந்த வாதத்துக்கு ஓர் இடம் இருந்திருக்கும். ஆனால் அதைத் தீர்மானித்தது மேலாதிக்க அரசின் விருப்பம். ஒரு தத்துப்பிள்ளையை ஏற்பதும் ஒரு பெற்ற பிள்ளையை விலக்குவதும் ஒரே கையின் இரு செயல்கள்.

மன்னரின் மேனாட்டு வாழ்க்கைமுறையை மோலியின் கணக்கில் எழுதுவது மற்றொரு பிழை. மார்த்தாண்டரைச் சிறுவயதிலேயே ஆங்கில வாழ்வுக்குப் பழக்கியவர்கள் ஆங்கில அதிகாரத்தினரே; கிராஸ்லி என்னும் ஆங்கில ஆசிரியர் அவருடைய கல்விக்குப் பொறுப்பாக அமர்த்தப்பட்டார். சேஷையா சாஸ்திரி திவானாகவும் பின்னர் திவான் ரீஜண்டாகவும் (திவான் என்பது சமஸ்தானத்தின் முதலமைச்சர்) ஆட்சியைச் சீர்படுத்திவந்த அதே காலத்தில், இளம் மன்னர் ஆங்கிலக் கனவான் ஒருவரின் பேச்சு, உடை, உணவு, விளையாட்டு ஆகியவற்றைக் கற்றுத் தேர்ந்துகொண்டிருந்தார். ஐரோப்பியப் பயணங்கள் மோலியைச் சந்திப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டன. மன்னர்கள் அடிக்கடி கடல் கடப்பது பெருகிவிட்டது என்று கர்சன் பிரபு 1900-இல் சுற்றறிக்கை விடும் அளவுக்கு அது ஒரு தலைமுறையின் வழக்கமாகவே இருந்தது. தங்களைப் போலவே வாழக் கற்றுக்கொடுத்துவிட்டு, அப்படி வாழ்ந்தவர் தங்கள் பெண்ணை மணந்துகொண்டபோது நீ எங்களில் ஒருவன் அல்லன் என்று சொன்னவர்களின் செயலில் இருக்கும் கொடுமையை உணராமல் இந்தக் கதையைச் சொல்ல இயலாது.

பழியுரையில் உண்மை ஒரு துளியும் இல்லை என்று வாதிடுவதும் நேர்மையாகாது. மார்த்தாண்டர் நாட்டில் இல்லாத காலம் நீண்டது. சிட்னியில் பந்தயக் குதிரைகள், கானில் மாளிகை என்று அவர் வாழ்ந்த வாழ்வுக்கான பணம், கண்மாய்ப் பாசனத்தையும் மழையையும் நம்பிப் பயிரிட்ட குடியானவர்களின் வரியிலிருந்து வந்தது. ஆட்சியை விட்டுக்கொடுத்தபோது அவர் பெற்ற தொகையும் அவர்களுடையதே. இது கடிந்துரைக்கத்தக்கது, எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் தகும். ஆனால் அந்தக் கடிந்துரை மன்னரையும் அவரை அப்படி வளர்த்து, அப்படி வாழவிட்டு, தனக்கு வேண்டியபோது மட்டும் கணக்குக் கேட்ட அரசையும் சேர வேண்டும். ஐரோப்பாவில் செலவழித்த மன்னர்கள் அன்று எண்ணற்றோர். செலவுக்காக அரியணையின் எதிர்காலத்தை இழந்தவர்கள் மிகச் சிலர். ஜகத்ஜித் சிங் வெர்சாய் அரண்மனையை நினைவூட்டும் மாளிகையொன்றையே கபூர்தலாவில் எழுப்பினார். அந்தச் செலவு அவருடைய பட்டத்தைத் தொடவில்லை. நிர்வாகம் சீர்குலைந்தது என்று சொல்வதற்கும் வழியில்லை. துரைராஜா 1909 முதலே திவானாக இருந்து ஆட்சியை நடத்திவந்தவர். 1922-இல் அவர் ரீஜண்ட் ஆனபோது அலுவலில் பெரிய மாற்றம் ஏதுமில்லை. அதே மார்த்தாண்டரின் காலத்தில், 1902-இல், குடிமக்களின் கருத்தைக் கேட்பதற்கான பிரதிநிதித்துவ சபை புதுக்கோட்டையில் தொடங்கப்பட்டது என்பதும், மன்னரை வெறும் உல்லாசி என்று சுருக்கும் எழுத்துகளில் காணாமற்போகும் செய்தி.

தொண்டைமான்களின் விசுவாசத்தையும் இங்கே நினைக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கருநாடகப் போர்களில் பிரிட்டிஷார் பக்கம் நின்றதிலிருந்து, 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது வரை, அந்த வம்சம் ஆங்கிலேயருக்காகத் தமிழ் மக்களின் நீங்காத வசையையும் ஏற்றுக்கொண்டது. கப்பமில்லாத சமஸ்தானம் என்னும் நிலையும் கீழாநிலைக் கோட்டையும் அந்த விசுவாசத்தின் கூலி. அவ்வளவு விலைகொடுத்து வாங்கிய நட்பு, வாரிசு என்னும் கேள்வி எழுந்தபோது ஒரு குழந்தையின் தோல் நிறத்தின் முன் செல்லாக்காசாயிற்று. புதுக்கோட்டை வரலாற்றை எழுதுவோர் ஆழ்ந்து ஆராய வேண்டிய இடம் இதுதான். மோலியின் உடையலங்காரமும் அவருடைய விருந்துகளும் அல்ல.

1928-இல் மார்த்தாண்டர் இறந்தபோது அவருடைய உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுசெல்லவும் பிரிட்டிஷ் அரசு இசைவு தரவில்லை. லண்டனின் கோல்டர்ஸ் கிரீன் தகனச்சாலையில் அவர் எரியூட்டப்பட்டார். மோலியின் மயக்குதான் சிக்கல் என்றால், மன்னரின் மரணத்தோடு அந்தச் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். நாற்பத்திரண்டு ஆண்டுகள் மன்னராயிருந்தவரின் உடலுக்குச் சொந்த மண்ணில் இடம் மறுத்ததற்கு ஒரே பொருத்தமான விளக்கம், தந்தைக்குக் கொள்ளிவைக்கும் மகனாக அந்தப் பதினோரு வயதுச் சிறுவன் மக்கள் முன்னே நிற்பதை அரசு விரும்பவில்லை என்பதுதான். அதே ஆண்டு, உறவுக் கிளையொன்றிலிருந்து ராஜகோபாலத் தொண்டைமான் ஆறு வயதில் அரியணைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; 1948-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை அவரே மன்னர். அவர் மீதோ, பிற்காலத்தில் அவர் மக்களிடம் பெற்ற நன்மதிப்பின் மீதோ இந்த மறுப்பு எதையும் சொல்லவில்லை.

மோலி கணவரின் மறைவுக்குப்பின் நாற்பது ஆண்டுகள் அளவுக்கு வாழ்ந்து, 1967 நவம்பரில் கானில் இறந்தார். அவருடைய சாம்பலும் கோல்டர்ஸ் கிரீனிலேயே கணவருடையதன் அருகில் வைக்கப்பட்டது. கணவரின் பட்டம் போயிருந்தால் விலகிப் போயிருக்கக்கூடிய பேராசைக்காரி என்று அவரைச் சித்திரிப்போர், 1916-இலேயே மகனின் உரிமை மறுக்கப்பட்டுவிட்ட பின்னரும் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கணவரோடு நிலைத்து வாழ்ந்ததற்கு என்ன காரணம் கூறுவார்கள் என்பது தெளிவாகவில்லை. கபூர்தலாவின் அனிதா 1925-இல் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்தார், மோலி பிரியவில்லை.

இந்த மனப்போக்கு ஆங்கிலேயரோடு கப்பலேறிப் போய்விடவும் இல்லை. இந்தூரின் இரண்டாம் யஷ்வந்த்ராவ் ஹோல்கருக்கு அமெரிக்க மனைவியிடம் பிறந்த மகன் ரிச்சர்ட் இருந்தும், 1961-இல் யஷ்வந்த்ராவ் இறந்தபோது சுதந்திர இந்திய அரசு வாரிசாக ஏற்றது முந்தைய மனைவியின் மகளான உஷாதேவியை. பெண்ணுக்கு வாரிசுரிமை கிடைத்ததில் மகிழலாம். ஆனால் அந்த உரிமை கிடைத்தது பெண் என்பதற்காக அல்ல, மகனின் தாய் அயலவள் என்பதற்காக. புதுக்கோட்டையில் 1916-இல் மேலாதிக்க அரசு வகுத்த விதி, அந்த அரசே மறைந்த பின்னரும், டெல்லியில் உயிரோடு இருந்தது. மோலியைப் பழிக்கும் கட்டுரைகளிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.